தேயாத கட்டை

நான் திருத்தணிக்கு வந்து சேர்ந்த பத்தாம் நாள், என்னைப் புத்தூருக்கு எலும்புக் கட்டுப் போட அழைத்துப் போனார்கள். என் எலும்புகள் எல்லாம் அதது இருக்கவேண்டிய இடத்தில்தான் இருந்தன. அதை எடுத்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என்னைக் கேட்கவேண்டும் என்று அவர்களுக்கும் தோன்றவில்லை.

தப்பு என் நடையில் இருந்தது. நான் பிறந்து வளர்ந்த ரங்கூனில், பெரியவர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தைத் தாண்டிப் போகிற பிள்ளை முதுகை வளைத்துக் குனிந்துதான் போகவேண்டும். நிமிர்ந்து விறைப்பாகப் போனால், இது யார் பெற்ற பிள்ளை என்று கேட்பார்கள். என் அம்மா பர்மாக்காரி. தன்னைப் பார்த்து யாரும் அப்படிக் கேட்டுவிடக் கூடாது என்று, எனக்கு நடக்கக் கற்றுக்கொடுத்த கையோடு குனியவும் கற்றுக்கொடுத்துவிட்டாள்.

திருத்தணியில் அத்தை வீட்டுக் கூடத்தில் எந்நேரமும் யாராவது பெரியவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். மாமாவுக்கு மலையடிவாரத்தில் தேங்காய், கற்பூரக் கடை. பள்ளிப்பட்டுப் பக்கமிருந்து தேங்காய் கொண்டுவருகிறவர்கள், ரயிலுக்கு நேரமிருக்கிறது என்று கால் நீட்டிச் சாய்ந்துகொள்கிறவர்கள், வெறுமனே பேச வந்தவர்கள் என்று கூடம் காலியாகவே இருக்காது. நானும் கிணற்றடிக்குப் போனாலும் சரி, வாசலுக்குப் போனாலும் சரி, குனிந்துகொண்டே போனேன். அத்தை இதை ஒரு வாரம் கவனித்துவிட்டு மாமாவிடம் சொன்னாள்.

"இந்தப் பொண்ணு நடக்கறதப் பாத்தீங்களா? குனிஞ்சிகினே போவுது, குனிஞ்சிகினே வருது. கப்பல்ல எங்கியோ வியுந்து இடுப்பு புடிச்சிகினு கீது. அதும் வாயத் தொறந்து சொல்லமாட்டேங்குது."

"ஆங், நானும் பாத்தேன். நாளைக்கே புத்தூருக்கு இட்டுகினு போறேன்" என்றார் மாமா.

புத்தூரில் கட்டுப் போடுகிறவர் தெலுங்குக்காரர், வயதானவர். என் இடுப்பை அழுத்திப் பார்த்தார், காலை மடக்கிப் பார்த்தார். பிறகு எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, தாமும் எழுந்து நின்றுகொண்டு என்னை நடக்கச் சொன்னார். உட்கார்ந்திருப்பவர் யாரும் இல்லை, நான் கொடிக்கம்பம் போல நிமிர்ந்து நடந்தேன். மாமாவைக் கூப்பிட்டு உட்காரவைத்து மறுபடி நடக்கச் சொன்னார். குனிந்தேன். அவர் சிரித்த சிரிப்பில் வெளியே கட்டோடு காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "மீ பில்லக்கி ஏமி லேது. மரியாத எக்குவ" என்றார். பிள்ளைக்கு ஒன்றுமில்லை, மரியாதைதான் அதிகம் என்று மாமா திரும்பும் வழியெல்லாம் ரயிலில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே வந்தார். அத்தைக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. "நிமிந்து நட. பொட்டப் புள்ள கூனிகினு போனா நாளைக்கு எவன் கட்டுவான்?" என்றாள். எனக்கு அப்போது எட்டு வயது.

அடுத்தது சாப்பாட்டில் வந்தது. ரங்கூனில் தாழ்வான வட்ட மேசையைச் சுற்றி எல்லோரும் உட்காருவோம். பெரியவர்கள் தட்டில் முதல் துண்டை எடுத்து வைத்துவிட்டுத்தான் பிள்ளைகள் வாயில் வைக்கலாம். இங்கே மாமா என் பக்கத்தில் சாப்பிட உட்கார்ந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, என் தட்டிலிருந்த கத்தரிக்காய்களில் நல்லதாக ஒன்றைப் பொறுக்கி அவர் இலையில் வைத்தேன். மாமா அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார். "எச்சி! எச்சி!" என்று அத்தை கத்திய கத்தலில் நான் தட்டோடு பின்னுக்கு நகர்ந்துவிட்டேன். அந்த இலை போயிற்று, வேறு இலை வந்தது. நான் என்ன செய்தேன், அது ஏன் தப்பு என்று ஒருவரும் சொல்லவில்லை.

அதுதான் எனக்குப் பெரிய கஷ்டம். என் அம்மா எதையும் காரணம் சொல்லித்தான் செய்வாள். தலைக்குத் தண்ணீர் ஊற்றினால்கூட, இன்று ஏன் குளிக்கவேண்டும் என்று ஒரு கதையே சொல்வாள். அடித்தால் அடித்ததற்கும் விளக்கம் உண்டு, விளக்கத்துக்குப் பிறகு ஒரு முத்தமும் உண்டு. அத்தை வீட்டில் எல்லாம் ஒரே வார்த்தைதான். குளி. துண்ணு. படு. சொன்னதச் செய். பிள்ளைக்குப் போய்க் காரணம் சொல்வது மாட்டுக்கு வேட்டி கட்டுவது போல அந்த ஊருக்கு.

நான் எப்படி அங்கே வந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நைனா திருத்தணிக்காரர். இளம் வயதில் கப்பலேறி, ரங்கூன் ஆற்றங்கரையில் மரம் அறுக்கும் ஆலை ஒன்றில் மரம் பார்த்துப் பிரிக்கும் வேலையில் இருந்தார். கண்ணைக் கட்டிவிட்டாலும் மூக்கில் வைத்து இன்ன மரம் என்று சொல்லிவிடுவார். அங்கேயே என் அம்மாவைக் கட்டிக்கொண்டார். ஊரில் அவருடைய அக்கா, அதாவது என் அத்தை, இதைக் கேட்டு மூன்று நாள் சாப்பிடவில்லையாம். நாற்பத்தோராம் வருஷக் கடைசியில் ரங்கூன்மேல் குண்டு விழுந்தது. ஊரே கப்பலுக்கு ஓடியது. அம்மாவைப் பெற்றவள் படுத்த படுக்கையாக இருந்தாள். அவளை விட்டுவிட்டு அம்மாவால் வர முடியவில்லை. முதலில் பிள்ளையைக் கொண்டுபோய் உன் அக்காவிடம் விட்டுவிட்டு வா, பிறகு மற்றதைப் பார்ப்போம் என்று நைனாவிடம் சொல்லிவிட்டாள். நைனா என்னை அத்தையிடம் ஒப்படைத்துவிட்டு, மூன்றாம் நாள் பட்டணத்துக்குத் திரும்பி, எல்லோரும் இங்கே வந்துகொண்டிருந்த நேரத்தில் தான்மட்டும் அங்கே போகிற கப்பலில் ஏறிப் போனார். மாசி மாதத்துக்குப் பிறகு அந்தப் பக்கமிருந்து கப்பலும் இல்லை, கடிதமும் இல்லை.

நான் கிளம்பிய காலையில் அம்மா என் கையில் ஒரு தனாக்காக் கட்டையைக் கொடுத்தாள். தனாக்கா பர்மாவில் வளரும் ஒரு மரம். அதன் துண்டைக் கல்லில் தண்ணீர் விட்டு உரைத்தால் சந்தனம் மாதிரிக் குழம்பு வரும். சந்தனத்தைவிட வெளுப்பு, மணமும் வேறு. காலையில் குளித்ததும் அதைக் கன்னங்களில் வட்டமாகப் பூசிக்கொள்வது அங்கே எல்லாப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வழக்கம். அம்மா எனக்குப் பூசிவிட்டு, கொஞ்சம் தள்ளி நின்று பார்த்து, "அழகு" என்பாள். ஒரு நாளும் அதைச் சொல்லத் தவறியதில்லை. அவள் கொடுத்த கட்டை நைனாவின் பெருவிரல் கனம், என் உள்ளங்கை நீளம். ஒரு முனையில் சிவப்பு நூல் சுற்றியிருந்தாள். "தினமும் பூசிக்கொள். இந்தக் கட்டை தேய்ந்து தீர்வதற்குள் உன்னிடம் வந்துவிடுவேன்" என்றாள்.

திருத்தணியில் உரைப்பதற்குக் கல் வேண்டும். அத்தையின் சந்தனக் கல்லில் கை வைத்தேன். "அது சாமிக்கு!" என்று பிடுங்கிக்கொண்டாள். அன்று முழுவதும் அழுதேன். மறுநாள் காலை கிணற்றடியில் ஒரு சின்னக் கல் கிடந்தது, வட்டமாக, வழுவழுப்பாக. முன்னாலேயே கிடந்திருக்கும், நான்தான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அதிலே உரைத்துக் கன்னத்தில் பூசிக்கொண்டு உள்ளே போனேன். அத்தை முகத்தைச் சுளித்தாள். "மூஞ்சில இன்னாடி சுண்ணாம்பு? வெளிய போவும்போது கயுவிகினு போ" என்றாள். வீட்டுக்குள் பூசிக்கொள்ளக் கூடாது என்று சொல்லவில்லை.

அதோடு விட்டாளா? நான் கழுவிக்கொண்டு வந்தால், பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் முன் மைச் சிமிழைத் திறந்து இடது கன்னத்தில் ஒரு கறுப்புப் பொட்டு வைப்பாள். சின்னதாக இல்லை, தூரத்திலிருந்து பார்த்தாலும் தெரிகிற அளவுக்கு, கொஞ்சம் கோணலாக வேறு. அம்மா அழகாக இருக்கட்டும் என்று பூசின கன்னத்தில் இவள் அசிங்கமாக இருக்கட்டும் என்று வைக்கிறாள். எனக்கு வேறு என்ன தோன்றும்?

சித்திரையில், பட்டணத்திலும் குண்டு விழப்போகிறது என்று ஜனங்கள் மூட்டை முடிச்சோடு கிளம்பிவிட்டார்கள். எதிர்வீட்டுக்கும் ஒரு குடும்பம் வந்தது. அந்த அம்மாள் என்னைப் பார்த்துவிட்டு, "யாருங்க இந்தப் பொண்ணு? பொம்மையாட்டம் கீதே!" என்றாள். ஊருக்கு வந்த பிறகு என்னை ஒருவர் அழகு என்று சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்கு உள்ளமெல்லாம் குளிர்ந்துபோயிற்று. அத்தை உடனே, "எங்க? கொரங்கு மூஞ்சி. சொன்ன பேச்சும் கேக்காது, ஒரு வேலையும் தெரியாது" என்று சொல்லிவிட்டு, தூ தூ என்று துப்புவது போலச் செய்து என்னைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். அன்று சாயங்காலம் கடுகு, உப்பு, மிளகாயை என்னைச் சுற்றி அடுப்பில் போட்டாள். மிளகாய்ப் புகையில் இருமிக்கொண்டே, என் அழகைத்தான் எரிக்கிறாள் என்று நினைத்தேன்.

தனியாக இருந்தேன். இதை வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. வீட்டில் ஆள் இருந்தது, சோறு இருந்தது, பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகள் இருந்தார்கள். ஆனால் அம்மாவோடு பேசின பாஷையைப் பேச அந்த ஊரில் ஓர் உயிர் இல்லை. கிணற்றடிக் கல்லோடு பேசிப் பார்த்தேன். தண்ணீர் விட்டு உரைக்கும்போது, ஒரு சுற்றுக்கு ஒரு வார்த்தையாக, தெரிந்த பர்மா வார்த்தைகளை எல்லாம் சொல்லிக்கொண்டு வருவேன். கல் திருத்திச் சொல்லாது என்பதால் எது சரி எது தப்பு என்று சில நாளில் எனக்கே குழம்பிவிட்டது.

ஒரு நாள் மாமா பல் துலக்க வந்தவர், "எதுக்குப் பாப்பா இத தெனம் அரைக்கற?" என்று கேட்டார். மாமா கொஞ்சம் பேசுகிற மனிதர். அம்மா சொன்னதை அவரிடம் சொன்னேன். "கட்ட தேயறதுக்குள்ள உங்கம்மா வந்துருவாளா? பரவால்லியே" என்று சிரித்துவிட்டுக் கொப்பளித்தார். அத்தை பின்பக்கம் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பாத்திரம் உருளுகிற சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் நின்றது.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. ரயில் வருவதற்குள் டிக்கெட் வாங்கவேண்டும் என்றால், ரயில் சீக்கிரம் வந்தால் டிக்கெட்டையும் சீக்கிரம் வாங்கித்தானே ஆகவேண்டும்? கட்டை சீக்கிரம் தேய்ந்தால் அம்மாவும் சீக்கிரம் வந்துதானே ஆகவேண்டும்? இவ்வளவு நாள் இது தோன்றாமல் போயிற்றே என்று என்னையே திட்டிக்கொண்டேன். அன்றிலிருந்து காலையில் ஒரு தரம், அத்தை கண்ணயர்ந்த மத்தியானத்தில் ஒரு தரம், விளக்கு வைக்கும் முன் ஒரு தரம் என்று உரைத்தேன். கன்னத்துக்குப் போக மிச்சக் குழம்பைக் கிணற்றடி வாழைக்கு ஊற்றினேன். சமையல்கட்டு நிலைக்கட்டையில் நகத்தால் கீறி, வாரத்துக்கு ஒரு முறை கட்டையை அதில் வைத்து அளந்தேன். கட்டை குறைந்துகொண்டே வந்தது. ஐப்பசி மழை ஆரம்பித்தபோது என் சுண்டுவிரலில் பாதிதான் இருந்தது. அம்மா கப்பலேறியிருப்பாள் என்று முடிவு செய்து, எனக்கு இருந்த இரண்டு பாவாடைகளில் நல்லதை அவள் வரும் நாளுக்கென்று மடித்து வைத்தேன்.

அந்த நாட்களில் அத்தையின் போக்கும் விநோதமாக இருந்தது. விறகுக்காரி காட்டிலிருந்து கொண்டுவரும் கட்டில் ஒவ்வொரு குச்சியாக உருவி முகர்ந்து பார்ப்பாள். ஒரு நாள் சாமிக்கு வைத்திருந்த சந்தனக் கல்லிலேயே விறகுச் சுள்ளியை உரைத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் முந்தானையால் மூடிவிட்டாள். மாமா இதைப் பார்த்துவிட்டு, "இன்னாடி, வெறக அரைச்சிக் கொயம்பு வெக்கப்போறியா?" என்று கேட்டார். "உங்க வேலயப் பாத்துகினு போங்க" என்றாள். சிடுசிடுப்போடு இப்போது கொஞ்சம் பைத்தியமும் சேர்ந்துவிட்டது என்று நான் நினைத்தேன்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை கட்டையை எடுத்து நிலைக்கட்டையில் வைத்து அளந்தால், அது வளர்ந்திருந்தது.

சுண்டுவிரலில் பாதி இருந்தது முழு விரலாகியிருந்தது. அதே கனம், அதே சிவப்பு நூல். பட்டை மட்டும் கொஞ்சம் கறுத்தாற்போல் இருந்தது. மழை ஈரம் என்று வைத்துக்கொண்டேன். உரைத்துப் பார்த்தேன். குழம்பு வந்தது. மணம் கொஞ்சம் மட்டு. பழசானால் எதுவும் மணம் குறையத்தானே செய்யும்? எட்டு வயதுக்கு எல்லாவற்றுக்கும் காரணம் கிடைத்துவிடும். அம்மாதான் அங்கிருந்து இதை வளர்க்கிறாள் என்று புரிந்துபோயிற்று. அவளால் சொன்ன நேரத்துக்கு வர முடியவில்லை, அதனால் கட்டையை நீட்டித் தவணை கேட்கிறாள். முதலில் ஆச்சரியமாக இருந்தது, பிறகு கோபம் வந்தது. அவளோடு பேசுவதில்லை என்று இரண்டு நாள் கல்லோடு பேசாமலேயே உரைத்தேன்.

அதற்குப் பிறகு எங்களுக்குள் போட்டிதான். நான் தேய்ப்பேன், அவள் வளர்ப்பாள். கோடையில் ஒரு தரம் வளர்ந்தது, அடுத்த மழைக்கு ஒரு தரம் வளர்ந்தது. என் கை வலித்ததுதான் மிச்சம்.

அடுத்த வருஷம் ஒரு கிருத்திகைக்கு அத்தை என்னை மலைக்கு அழைத்துப் போனாள். முந்நூற்று அறுபத்தைந்து படி. ஏறும்போது எண்ணிக்கொண்டே போவது பிள்ளைகளின் வழக்கம். நான் பர்மா பாஷையில் எண்ணினேன். மூன்று நூறுக்குப் பிறகு அறுபத்தைந்து, கணக்கு எளிது. முதல் நூறில் எழுபத்தொன்று வந்ததும் நின்றுவிட்டேன். அடுத்த எண் வரவில்லை. நாக்கில் இருந்தது, காணோம். பின்னால் வந்தவர்கள் இடித்துக்கொண்டு போனார்கள். அந்தப் படியிலேயே உட்கார்ந்து அழுதேன். அம்மா வந்து நின்று என்னிடம் பேசினால் நான் என்ன பதில் சொல்வேன் என்று அப்போதுதான் பயம் வந்தது.

"கால் நோவுதா?" என்று அத்தை கேட்டாள். தலையாட்டினேன். வேறு என்ன சொல்வது? அவள் மறுபேச்சில்லாமல் என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். ஒன்பது வயதுப் பெண்ணை இடுப்பில் சுமந்துகொண்டு மிச்சப் படிகளை மூச்சுவாங்க ஏறினாள். மேலே சன்னிதியில் வெகுநேரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். நானும் கண்ணை மூடிக்கொண்டு, கட்டை இந்தத் தடவையாவது தேய்ந்து தீரவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். இறங்கும்போது, "வேண்டிகினத வெளிய சொல்லாத. சொன்னா பலிக்காது" என்றாள். நான் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை.

யுத்தம் முடிந்து அடுத்த வருஷம் நைனா வந்தார். எனக்குப் பன்னிரண்டு வயது. வாசலில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். பழுத்த தாடி, சட்டைக்குள் ஆளே இல்லை. அத்தைதான் முதலில் கண்டுகொண்டாள். "தம்பீ" என்று அவள் அலறிய குரலை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. நைனாவுக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று தெருவைப் பார்த்தேன். ஒருவரும் வரவில்லை. நைனா என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். யுத்தத்தின் இரண்டாம் மழையில் அம்மா ஜுரத்தில் போய்விட்டாளாம். அப்படியென்றால் நான் படியில் உட்கார்ந்து அழுத வருஷம். நான் கட்டையை உரைத்துக்கொண்டிருந்த பாதி நாட்களில் அவள் இல்லவே இல்லை.

"இருக்காது நைனா. அம்மா கட்டைய வளத்துகினே இருந்தா" என்று சொல்லி, ஓடிப்போய் அதை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தேன். சிவப்பு நூல் வெளுத்துப் பஞ்சாகியிருந்தது. நைனா அதை விரலில் உருட்டினார். மூக்கருகே கொண்டுபோனார். பழைய தொழில் பழக்கம்.

"இது தனாக்கா இல்லம்மா. விளாங்கட்ட. நம்மூரு காட்டுல கெடைக்கிறது."

நான் அத்தையைப் பார்த்தேன். தம்பிக்குச் சோறு போட இலை நறுக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். எனக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது, அதாவது விளங்கிவிட்டதாக நினைத்தேன். அம்மாவின் கட்டையை இவள் எடுத்து அடுப்பில் போட்டுவிட்டாள். தம்பி பெண்டாட்டியைப் பிடிக்காத நாத்தனார். நான் நாலு வருஷமாகத் தேய்த்தது விறகை. அம்மாவின் கட்டை தேயவும் இல்லை, அம்மா வரவும் இல்லை.

"நீதான மாத்தின?" என்று கத்தினேன். "எங்கம்மா கட்டைய எடுத்துகினு வெறகு வெச்சியா? அதனாலதான் எங்கம்மா வரல!"

"பாப்பா!" என்று மாமா அதட்டினார். அத்தை அவரைக் கையமர்த்தினாள்.

"ஆங். நாந்தான் மாத்தனேன்" என்றாள். அவ்வளவுதான். ஏன் என்று சொல்லவில்லை. பிள்ளைக்குக் காரணம் சொல்கிற வழக்கம் அவளுக்கு அன்றும் வரவில்லை. இலையைப் போட்டு, தம்பிக்குச் சோறு வைத்தாள்.

நைனாவுக்கு அரக்கோணத்தில் ஒரு மரவாடியில் வேலை கிடைத்தது. நாங்கள் கிளம்ப ஒரு மாதம் ஆயிற்று. அந்த மாதம் முழுவதும் நான் அத்தையோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பிசைந்து வைத்ததைத் தின்றேன், அவள் பின்னிய சடையோடு திரிந்தேன், பேசமட்டும் இல்லை. ரயிலடியில் எதிர்வீட்டு அம்மாள், குண்டுக்குப் பயந்து வந்து ஊர் பிடித்துப்போய்த் தங்கிவிட்டவள், "வளந்துட்டாளே! லட்சுமியாட்டம் கீறா" என்றாள். அத்தை இடுப்பிலிருந்து மைச் சிமிழை எடுத்தாள். பன்னிரண்டு வயதுப் பெண் என்றும் பார்க்காமல், அத்தனை பேர் நடுவில், என் கன்னத்தில் வழக்கமான இடத்தில் வழக்கத்தைவிடப் பெரிய பொட்டாக வைத்தாள். "லட்சுமியாவது. கொரங்கு" என்றாள். குரல் என்னவோ போல் இருந்தது. ஜலதோஷம் என்று நினைத்தேன்.

ரயில் கிளம்பியதும் பட்டாணிக் கடலை எடுக்க மூட்டையைப் பிரித்தேன். துணிகளுக்கு நடுவே மாமாவின் பழைய சுண்ணாம்பு டப்பி ஒன்று இருந்தது. திறந்தால் உள்ளே வெள்ளைத் துணி. துணிக்குள் ஒரு மரத்துண்டு, சுண்டுவிரலில் பாதி. முகர்ந்தேன். ரங்கூன் வீடும், காலை வெயிலும், தள்ளி நின்று பார்த்து "அழகு" என்று சொன்ன முகமும் அந்த ரயில் பெட்டிக்குள் வந்து நின்றன. அது அம்மாவின் கட்டைதான். நாலு வருஷத்துக்கு முன் ஐப்பசியில் நான் விட்ட இடத்திலிருந்து அது ஒரு இழைகூடத் தேயவில்லை.

திருடினவள் மனசாட்சி உறுத்தித் திருப்பிக் கொடுத்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

அத்தைக்கு இரண்டு குழந்தைகள் பிறந்து தவறிப்போயின என்பதும், மூத்ததைத் தூக்கிக்கொண்டு வெளியே போனால் ஊரே மெச்சும் என்பதும், அது போன பிறகு அவள் எந்தக் குழந்தையையும் வாய்விட்டு மெச்சியதில்லை என்பதும் வெகு காலம் கழித்து மாமா சொல்லித் தெரிந்தது. கட்டை விஷயம் அதற்கும் பிறகு, நானே ஒரு பிள்ளையைப் பெற்ற பிறகுதான் பிடிபட்டது. கட்டை தீருவதற்குள் வருவேன் என்று ஒருத்தி சொல்லியிருக்கிறாள். கட்டை தீர்ந்து அவள் வரவில்லை என்றால் இந்தப் பிள்ளை என்ன ஆகும்? அத்தை பார்த்தது அதை. தீராமல் இருக்கும்வரை அம்மா வாக்குத் தவறினவள் ஆகமாட்டாள். நான் அம்மா வரவேண்டும் என்று தேய்த்தேன். என் அம்மா வராதவள் ஆகிவிடக் கூடாது என்று அவள் காட்டு விறகை எல்லாம் முகர்ந்து பார்த்தாள். மலைமேல் பக்கத்தில் பக்கத்தில் நின்று, ஒருத்தி தேயவேண்டும் என்றும் ஒருத்தி தேயக் கூடாது என்றும் கேட்டால் முருகன்தான் என்ன செய்வார்? ஒரு வார்த்தை அவள் சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை நான் கேட்டிருக்கலாம். ரங்கூனாக இருந்தால் சொல்லியிருப்பார்கள்.

அன்று ரயிலில் இது ஒன்றும் எனக்குத் தெரியாது. டப்பியை மூடி மடியில் வைத்துக்கொண்டேன். எதிரே உட்கார்ந்திருந்த பையன் என் கன்னத்தைப் பார்த்துச் சிரித்தான். பாவாடை நுனியை எச்சிலில் நனைத்து, அரக்கோணம் வருவதற்குள் அத்தை வைத்த பொட்டைச் சுவடில்லாமல் துடைத்துவிட்டேன்.